தர்மப் பெட்டி

என் மனைவி தடுப்பூசி கம்பெனி முதலாளி. லாரிகளை அனுப்புவது என் வேலை. வீட்டிலும் அவள் சொல்லும் பக்கம்தான் வண்டி போகும். அன்று காலை இலவச முகாமுக்கான லாரி வாசலில் நிற்க, அவள் குளிர் அறைக்குள் ஒரு அட்டைப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். பனி உறைந்து உருகியதில் அட்டை நமுத்திருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

இந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும். ஆனால் உறையக் கூடாது. உறைந்து உருகினால் வீண், ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு தயாரித்தாலும் அதில் ஒரு பங்கு இலவசமாகப் போக வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அந்தப் பெட்டிகள் மட்டும் குளிர்க்காற்று நேராக அடிக்கும் கடைசித் தட்டில் இருந்தன. தட்டின் மேல் சாக்பீஸில் ‘தர்மம்’ என்று எழுதியிருந்தது.

கிடங்கு என் மச்சினன் பொறுப்பு. "விக்கிறத நல்ல எடத்துல வச்சேன்க்கா. இது தர்மத்துக்குப் போறதுதானே," என்றான். கடுகளவும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் இன்னும் மோசம்.

அவள் திட்டவில்லை. இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு குப்பி எடுத்து, நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தர்மக் குப்பியில் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் சுண்ணாம்பு போல வண்டல் படிந்தது. மற்றது பால் மாதிரியே இருந்தது.

"முகாமைத் தள்ளிப் போடலாமா?" என்றேன். கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த ஊரில் ஏற்கெனவே குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் பரவிக்கொண்டிருந்தது.

"விக்கிற பெட்டிய முகாமுக்கு ஏத்துங்க."

"வாங்கினவங்க நம்மள கிழிச்சுடுவாங்கக்கா," என்றான் மச்சினன்.

"கிழிக்கட்டும். அவங்களுக்கு என் நம்பர் தெரியும், கூப்பிட்டுத் திட்டுவாங்க. அந்தப் புள்ளைங்களுக்கு யார் நம்பர் தெரியும்?"

அவன் விற்கும் பெட்டி ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"இனிமே எல்லாத்தையும் கலந்து அடுக்கு. எது யாருக்குன்னு லாரியில ஏத்தறப்பதான் உனக்கே தெரியணும்."

சொல்லிவிட்டு, தட்டின் மேலிருந்த எழுத்தைக் கையாலேயே அழித்தாள். இவளைக் கட்டிக்கொண்டதற்கு நான் கொடுத்துவைத்தவன் என்று அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பு சூடேறியது.

லாரி கிளம்பிய கையோடு போன் அடித்தது. பணம் கட்டி வாங்கி, அன்று சரக்குக்காகக் காத்திருந்தவர்தான். நான் பேசுகிறேன் என்று கை நீட்டினேன். அவள் தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார்," என்றாள். போனின் கறுப்பு முதுகில் சாக்பீஸ் தூளோடு அவள் விரல்கள் வெள்ளை வெள்ளையாகப் பதிந்திருந்தன.