பட்டியலில் காலியாக இருந்த வரி

எவரெட் ஆறு இருபதுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். காபி போட்டான். ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி நின்றுகொண்டே தின்றான். தட்டைக் கழுவி வைத்தான். லேப்டாப்பைத் திறந்து பட்டியலைப் பார்த்தான். மூடினான். காலுறை போட்டான். மறுபடி திறந்து பார்த்தான்.

பட்டியல் அவன் மனைவி ஹெய்டி போட்டது. கம்ப்யூட்டர் பாகங்களைத் தேர்ந்தெடுத்து வரிசையாக அடுக்கிவைக்க ஒரு இணையதளம் இருக்கிறது. ஒன்றோடொன்று சேராத பாகங்களைப் போட்டால் மேலே மஞ்சள் பட்டை வந்து எச்சரிக்கும். ஹெய்டியின் பட்டியலில் பட்டை பச்சை. ப்ராசஸர், மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, கேஸ், பவர் சப்ளை, ஆறுக்கும் பெயர் எழுதியிருந்தாள். கிராபிக்ஸ் கார்டு என்ற வரி மட்டும் காலி. கார்டோடு சேர்த்து எண்ணூறு டாலரைத் தாண்டக்கூடாது என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அடியில் சின்ன எழுத்தில், 'கடைசியாகத் திருத்தியது: ஹெய்டி, ஜனவரி 9' என்று இருந்தது. அவன் அதில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினாலும் பெயரும் தேதியும் மாறிவிடும்.

ஜனவரி பதினான்காம் தேதி மதியம், வேலை செய்யும் இடத்தில், ஹெய்டியின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. இருபத்தெட்டு வயது.

விளையாடத் தோதான கம்ப்யூட்டர் வீட்டில் ஒன்றுதான், அவளுடையது. வியாழக்கிழமைகளில் நண்பர்கள் ஐந்து பேர் இணையத்தில் கூடி விளையாடுவார்கள். அவளும் அவள் தம்பி ரஸ்ஸும் அந்த ஐந்தில் சேர்த்தி. எவரெட் பின்னால் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பான். நடுநடுவே தப்பான யோசனை சொல்லித் திட்டு வாங்குவான். அவனுக்கும் ஒன்று கட்டிவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம் என்று அவள் போட்டதுதான் அந்தப் பட்டியல்.

இப்போது அவள் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. அதிலேயே ஆட வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். அவன் அந்த நாற்காலியில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தான். இரண்டு முறையும் எழுந்து போய் வாசலில் நின்றான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் எழுதியதை எழுதியபடியே, ஒரு திருகாணி மாறாமல் கட்டிவிட வேண்டும்.

அது நடக்கவில்லை. பிப்ரவரிக்குள் மெமரி விலை இரண்டு மடங்காகிவிட்டது. அவள் எழுதிய மதர்போர்டு எங்கும் கையிருப்பில் இல்லை. அவன் சனிக்கிழமைதோறும் தன் ஊரான மேரியனிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு கொலம்பஸில் இருக்கும் பெரிய கடைக்குப் போனான். இதற்குப் பதில் அது, அதற்குப் பதில் இது என்று வாங்கி வருவான். வீட்டில் மேஜைமேல் வைத்துப் பார்ப்பான். முத்திரையைக் கிழிக்க மாட்டான். அடுத்த சனிக்கிழமை அப்படியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பான். நகராட்சியின் நீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. அங்கே குழாய்த் தண்ணீரில் இருக்கும் ஈயத்தை நூறு கோடியில் ஒரு பங்குவரை அளந்து சொல்கிறவன், ஒரு மெமரிக் குச்சியை முடிவு செய்ய முடியாமல் நான்கு மாதம் அலைந்தான்.

நேற்று மாலை கடையிலிருந்து செய்தி வந்தது. ப்ராசஸர், மதர்போர்டு, மெமரி மூன்றும் சேர்ந்த காம்போ மறுபடி கையிருப்புக்கு வந்துவிட்டது. ஹெய்டி எழுதிய அதே மூன்று. கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு மட்டும், கிட்டத்தட்ட பழைய விலையில்.

ரஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனான். ரஸ்ஸுக்கு இருபத்தைந்து வயது. வீடுகளுக்கு ஏசியும் ஹீட்டரும் மாட்டும் வேலை. கூப்பிட்டபோது, வேறு யாரும் வரவில்லையா என்று கேட்டுவிட்டு, வருகிறேன் என்றான்.

"இன்னிக்கேவா?" சீட் பெல்ட்டை இழுத்தபடி கேட்டான். "அடுத்த மாசம் விலை இறங்கும்ங்கறாங்க."

"நாலு மாசமா அதையேதான்டா சொல்றாங்க."

"அந்த போர்டு அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்லையாம். நெட்ல ஒருத்தன் கழுவிக் கழுவி ஊத்தியிருந்தான்."

"அங்க எல்லாத்தையும்தான் கழுவி ஊத்துவானுங்க. நீ ஏன் நெளியற?"

"நெளியல ப்ரோ. நேத்து ஒரு பரண்ல மூணு மணி நேரம் குனிஞ்சு கெடந்தேன். இடுப்பு போச்சு."

எவரெட் ரேடியோவை மாற்றினான். அணைத்தான். டேங்கில் முக்கால்வாசி இருந்தும் வழியில் டெலவேர் என்ற ஊரில் நிறுத்தி பெட்ரோல் போட்டான். போட்டுக்கொண்டிருக்கும்போதே காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான். ரஸ் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடை திறந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. லட்ரெல் கவுன்டரில் நின்றிருந்தான். இந்தக் கடையில் விற்பனையாளர்கள் தாங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் தங்கள் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். கமிஷன் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான். லட்ரெல்லின் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் எவரெட்டின் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்து திரும்பியிருக்கின்றன.

"வந்துட்டாருய்யா, திருப்பிக் குடுக்கற மகாராஜா! உங்களால போன மாசம் எனக்கு மைனஸ்ல கமிஷன், தெரியுமா?"

"இன்னிக்குத் திருப்ப மாட்டேன். அந்த காம்போ ஒண்ணு."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க. சரி, விலாசம் சொல்லுங்க. காம்போ வீட்டுக்கு ஒண்ணுதான். வாங்கிட்டுப் போய் ரெண்டு மடங்குக்கு விக்கறானுங்க, அதான்."

எவரெட் விலாசத்தைச் சொன்னான். லட்ரெல் தட்டினான். நிறுத்தினான். மறுபடி தட்டினான்.

"பாஸ், உங்க வீட்டுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சே."

"இல்லையே."

லட்ரெல் திரையை அவன் பக்கம் திருப்பினான். வாங்கியவர்: ஹெய்டி ப்ராண்ட். ஜனவரி 11. காம்போ. அதற்குக் கீழே எஸ்எஸ்டி, கேஸ், பவர் சப்ளை.

"திருப்பிக் குடுக்கலையா?" என்றான் எவரெட்.

"இல்ல. அவங்க உங்கள மாதிரி இல்ல போலிருக்கு." சிரித்துவிட்டு எவரெட்டின் முகத்தைப் பார்த்ததும் லட்ரெல் சிரிப்பை நிறுத்தினான். "என்ன பாஸ்? எடுத்தது ஒழுங்கா வேலை செய்யலையா?"

எவரெட் திரும்பினான். ரஸ் அங்கே இல்லை. இரண்டு வரிசை தள்ளி, காட்சிக்கு வைத்திருந்த கீபோர்டுகளின் முன்னால் நின்று, எதோடும் இணைக்காத ஒரு கீபோர்டில் ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ரஸ்."

தட்டுவது நிற்கவில்லை.

"ரஸ், அவ வாங்கினது எங்கடா இருக்கு?"

"என் ரூம்ல."

பக்கத்தில் ஒரு தம்பதி மவுஸ் ஒன்றை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை ரஸ் காத்திருந்தான்.

"மார்ச்ல உன் பொறந்தநாளுக்குக் குடுக்கணும்னு என்கிட்ட குடுத்து வச்சா. உன் வீட்ல வச்சா நீ மோப்பம் பிடிச்சிருவியாம்."

"நாலு மாசம்டா."

"தெரியும்."

"வாராவாரம் நான் இங்க வந்து போறது உனக்குத் தெரியும்."

"தெரியும், எவரெட். தெரியும்." ரஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தான். "நானே கட்டி, முழுசா எடுத்துட்டு வந்து உன் முன்னாடி வைக்கலாம்னு நெனச்சேன். பிப்ரவரில உக்காந்து கட்டினேன். ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, ஸ்க்ரீன் கறுப்பு. பத்துப் பதினஞ்சு தரம் கழட்டி மாட்டிட்டேன். கறுப்புதான். எரிச்சுட்டேன். அவ கடைசியா வாங்கின பொருள், நான் அத எரிச்சுட்டேன். இத உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?"

எவரெட்டின் கால்கள் எங்காவது நடந்துபோகச் சொல்லின. கீபோர்டு வரிசையின் கோடிவரை போனான். அங்கே சுவர். திரும்பி வந்தான்.

"பீப் சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

"எரிஞ்ச வாடை?"

"இல்ல."

"ஸ்க்ரீன் வயர எங்க சொருகின?"

"பின்னாடிதான். போர்டுல அதுக்குன்னு ஓட்டை இருக்கே."

"கார்டு?"

"கார்டு ஏது? அவ வாங்கலையே. நீங்க ரெண்டு பேரும்தான் எதுன்னு முடிவு பண்ணாம அடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

எவரெட் போனில் பட்டியலை எடுத்து ப்ராசஸரின் பெயரை அவன் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இந்த ப்ராசஸருக்குப் படம் காட்டத் தெரியாது. அந்தப் பகுதியே இல்லாம செஞ்சது. அதனாலதான் விலை கம்மி, அதனாலதான் அவ இத எடுத்தா. கார்டு மாட்டி, வயர கார்டுல சொருகினாத்தான் ஸ்க்ரீன்ல ஏதாவது வரும்."

"போர்டுல ஓட்டை எதுக்கு அப்புறம்?"

"வேற ப்ராசஸர் போடறவங்களுக்கு."

ரஸ் குனிந்து போனில் அந்தப் பெயரை மறுபடி படித்தான்.

"அப்போ எரியலையா?"

"எரிஞ்சிருக்காது. நீ ஊரான் வீட்டு ஹீட்டரையெல்லாம் பிரிச்சு ரிப்பேர் பண்றவன்தானே?"

"அதுல ஸ்க்ரீன் கெடையாதே!" என்று ரஸ் கத்தினான். காட்சிக்கு வைத்திருந்த ஒரு விளையாட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. எவரெட் அவன் பக்கத்தில் நின்றான். தனக்கும் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. நாற்காலியின் விலைச் சீட்டை இரண்டு முறை படித்தான்.

ஆக, அவள் எழுதியதெல்லாம் வாங்கியாயிற்று. கட்டியும் ஆயிற்று. ரஸ்ஸின் அறையில், ஒரு திருகாணி மாறாமல். மெமரி விலையையும் மதர்போர்டையும் இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது அவள் எழுதாத வரி ஒன்றுதான்.

கார்டுகள் பூட்டிய கண்ணாடி அலமாரியில் இருந்தன. அவர்கள் பணத்துக்குத் தோது இரண்டுதான். ஒன்று புது மாடல், வேகமானது, கார்டின் சொந்த மெமரி எட்டு ஜிபி. இன்னொன்று அதற்கு முந்தைய மாடல், கொஞ்சம் மெதுவானது, பன்னிரண்டு ஜிபி. விலையில் ஐந்து டாலர் வித்தியாசம். செப்டம்பரிலிருந்து எவரெட் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அட்டவணை போட்டிருந்தான். எந்த விளையாட்டில் எது நொடிக்கு எத்தனை ஃப்ரேம், எது எவ்வளவு மின்சாரம் தின்னும், இரண்டு வருஷம் கழித்து எது தாங்கும். சாப்பாட்டு மேஜையில் அதைப் படித்துக் காட்டுவான். ஹெய்டி இன்றைக்கு எட்டு என்பாள், நாளைக்குப் பன்னிரண்டு என்பாள், அவன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக.

அலமாரி முன்னால் போய் நின்றான். ஹெட்போன் பக்கம் நடந்தான். திரும்பி வந்தான். பிரிண்டர் பக்கம் போனான். திரும்பி வந்தான்.

"பாஸ், தரை தேயுது," என்றான் சாவியோடு காத்திருந்த லட்ரெல்.

"பன்னிரண்டு."

"நிச்சயமா?"

"இல்ல. எடுங்க."

லட்ரெல் பெட்டியை எடுத்து ஸ்டிக்கரை ஒட்டினான். "இது மட்டும் திரும்பி வந்துச்சு, நானே உங்க வீட்டுக்கு வந்து உக்காந்துப்பேன், சொல்லிட்டேன்."

எவரெட் பணம் கட்டினான். ரசீதை மடிக்கவில்லை, படிக்கவில்லை, கவுன்டர் பக்கத்துக் கூடையில் போட்டான். அங்கேயே நின்று, கார் சாவியால் பெட்டியின் முத்திரையைக் கிழித்தான். கிழிந்த இடம் கோணலாக இருந்தது. போனை எடுத்து பட்டியலின் காலி வரியில் கார்டின் பெயரைச் சேர்த்தான். பட்டை பச்சையாகவே இருந்தது. அடியில் அவன் பெயரும் இன்றைய தேதியும் வந்தன. போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

கார் நிறுத்துமிடத்தில் ரஸ் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"அவ இததான் எடுக்கச் சொன்னாளா?"

"இல்ல."

"அம்மாகிட்ட, அன்னிக்குக் காலைல அவ கடைசியா 'லவ் யூ'ன்னு சொல்லிட்டுப் போனான்னு சொன்னியே."

"அம்மா கேட்டாங்க. வேற என்ன சொல்றது?"

"அப்போ அவ அப்படிச் சொல்லலையா?"

"அன்னிக்குச் சொல்லல."

ரஸ் காரில் ஏறவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். "என்ன சொன்னா, எவரெட்?"

அன்று காலை எவரெட் சமையலறையில் நின்று புதிதாக வந்த ஒரு ஒப்பீட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். எட்டா, பன்னிரண்டா. ஹெய்டி ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி வாசலில் நின்றாள். வெளியே காரின் கண்ணாடி முழுக்க உறைந்திருந்தது. அவன் இரண்டாம் பக்கத்துக்குப் போனபோது அவள் குறுக்கிட்டாள்.

"எந்தக் கார்டையாவது எடுத்துத் தொலைடா. ஐஸ் சுரண்டற கட்டைய எங்க வச்ச?"