தன் குரல் தனக்குக் கேளாதவர்

"அக்கா, அது மனுசன் மெல்லுற சத்தமா, மாடு இரை மீட்குற சத்தமா?" என்று தங்கச்சி லோஜினி குசினி அடுப்படியிலிருந்து கேட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஹோலில் இவர், என் மனுசன், ரீவிக்கு முன்னால் தட்டோடு இருந்தார். இரண்டு காதிலும் ஹெட்போன். மீன் தலையை உறிஞ்சினார், விரலைச் சூப்பினார், நீளமாக ஏப்பம் விட்டார். பிறகு கதிரையில் ஒரு பக்கம் சரிந்து மற்றதையும் விட்டார். தனக்குக் கேளாதது வேறு ஒருவருக்கும் கேளாது என்ற நம்பிக்கை அவருக்கு.

இவருக்குக் காது மந்தம். செய்தி போட்டால் துறைமுக வீதி வரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு றஹ்மா ஒருநாள் வேலியடிக்கு வந்துவிட்டாள். "மக்டலின் அன்ரி, கோவிக்காதீங்க. மகளுக்குச் சோதினை. அல்பிரட் அங்கிள்ர செய்தியைத்தான் அவ சோதினைப் பேப்பரில எழுதிட்டு வருவா போல." இத்தாலியில் இருக்கும் மகன் அஞ்சலோவிடம் சொன்னேன். தான் பாவித்த ஹெட்போனையும், ஒரு சோடி ஸ்பீக்கரையும், டாக் என்ற தீப்பெட்டி அளவான கறுப்புப் பெட்டியையும் அனுப்பினான்.

பூட்ட வந்தவர் ரீவி திருத்தும் றுமைஸ். முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. ரிமோட்டால் ரீவிக்குள் எங்கெங்கோ போய், சத்தம் வெளியே போகும் முறையை மாற்றிய பிறகுதான் வந்தது. "இந்தா அன்ரி, ரீவியில இருந்து இந்த வயரால சத்தம் பெட்டிக்கு வருது. பெட்டியில இருந்து ஸ்பீக்கருக்கும் போகும், ஹெட்போனுக்கும் போகும். ஹெட்போனைக் குத்தினா ஸ்பீக்கர் தானா நிண்டுரும். காலம நீங்க ஸ்பீக்கர்ல பூசை கேளுங்க, பின்னேரம் அங்கிள் காதுக்குள்ள செய்தி கேக்கட்டும்." படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "ஒரே ஒரு விசயம். அது காதை இறுக்கி மூடுற சாமான். அவர் கதைக்கிறது அவருக்கே கேக்காது. கொஞ்சம் சத்தமாக் கதைப்பார், சண்டைக்குப் போயிராதீங்க."

இரண்டு நாள் சிரித்தோம். மூன்றாம் நாள் இவர் கதைக்கத் தொடங்கினார்.

முதலில் செய்தி வாசிக்கிறவளின் மூக்கைப் பற்றி. பிறகு றஹ்மாவைப் பற்றி. இதெல்லாம் முன்பும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். உதட்டுக்கு உள்ளே நின்றது இப்போது வெளியே வருகிறது, அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். லோஜினி அவருடைய தட்டில் பாரை மீன் பொரியல் வைத்துவிட்டுத் திரும்பி நாலு அடி வைத்திருப்பாள்.

"இவ எப்பதான் வெளிக்கிடுவா? மூண்டு மாசம். ஓசிச் சோறு. வயித்தில ஒப்பரேசனாம், அந்த வயித்துக்குள்ள போற சோத்தைப் பார். கிட்ட வந்தா மருந்து நாத்தம்."

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் கூட என்று சொல்வது போலச் சொன்னார். லோஜினி நின்றாள். தட்டெடுக்கத் திரும்பிப் போனபோது இவர் அவளைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தார். "மச்சாள், நீங்கள் சாப்பிட்டியளே? நல்லாச் சாப்பிடுங்கோ, உடம்பு தேறவேணும்!"

இது எங்கள் அம்மாவின் வீடு. எனக்குக் கலியாணம் பேசும்போது இவருடைய ஆட்கள் முழு வீடும் சீதனமாக வேண்டும் என்று நின்றார்கள். லோஜினிக்கு அப்போது இருபத்தொரு வயது. "அக்கா முதல்ல கட்டட்டும்" என்று தன் பாதியை எழுதிக் கையெழுத்து வைத்தாள். அதன் பிறகு அவளுக்கு எழுதிக் கொடுக்க வீடு இருக்கவில்லை, கேட்டு வந்தவர்களும் இல்லை. சாம்பல்தீவில் ஒற்றை அறையில் தனியே இருந்தவளை, ஒப்பரேசனுக்குப் பிறகு நான்தான் வற்புறுத்திக் கூட்டிவந்தேன்.

"சொல்லாத அக்கா," என்றாள். "கேட்டது தெரிஞ்சா அவருக்கும் வெக்கம், எனக்கும் இஞ்ச இருக்கேலாது."

சொல்லவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் குசினிக்குள் இருந்து அதைக் கேட்டோம். லோஜினி சோற்றைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நான் அவருடைய சட்டையைத் தோய்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாய் வைத்த கோப்பையைச் சுடுதண்ணீரில் இரண்டு தரம் கழுவினேன். ஆனால் நடுத்துண்டு மீனை அவருக்கென்று எடுத்து வைத்ததும் இதே கைதான். அந்தக் கையை எதில் கழுவுவது?

பத்தாம் நாள், இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, லோஜினி பையோடு ஹோலுக்கு வந்தாள்.

"அத்தான், நான் போட்டு வாறன்."

இவர் அவளுடைய வாயசைவைப் பார்த்தார். "ஓம் ஓம், மச்சாள்! எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கோ!"

"நீ ஏன் போறாய்?" என்றேன். "ஆரின்ர வீட்டில இருந்து ஆர் போறது?"

"அதை எனக்கேன் சொல்லுறாய்?"

நான் இவரைப் பார்த்துச் சொன்னேன். "இது என்ர அம்மாட வீடு. இவள்ர பாதியில இருந்துகொண்டுதான் நீங்கள் விழுங்குறியள்." இவர் நாக்கால் முள்ளைத் தள்ளித் தட்டில் துப்பிவிட்டுத் தலையாட்டினார். "ஓம், ஓம்."

லோஜினி சிரித்தாள். "மூடின காதுக்கு நல்லாக் கதைக்கிறாய் அக்கா. முப்பத்தெட்டு வருசமா இப்பிடித்தானே? விடு, பஸ் போயிடும்."

நான் கதிரைக்குப் பின்னால் போனேன். ஹெட்போனின் வளையம் அவருடைய தலை எண்ணெயில் பிசுபிசுத்து, சூடாக இருந்தது. காதை மூடும் மெத்தையின் தோல் வியர்வையில் உரிந்து, கறுப்புச் செதில்களாக அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஒன்று குழம்பில் விழுந்தது. அவர் அதைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வாய்க்குள் வைத்தார். வாசலடியில் லோஜினி பையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

வளையத்தைப் பிடித்துத் தூக்கினேன். உள்ளேயிருந்து செய்தி வாசிக்கிறவளின் குரல் மெல்லியதாகக் கசிந்தது. அவர் நிமிர்ந்தார்.

"என்ன மக்டலின்?" தன் குரல் தனக்குக் கேட்டதும் அது தாழ்ந்து, மரியாதையாக வந்தது. கீழுதட்டில் ஒரு கறுப்புச் செதில் ஒட்டியிருந்தது.