தங்கையா எழுந்துபோன ஆட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நகைச்சுவைக் கட்டுரையாகத்தான் பிறந்தது. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் அரைப்பக்கம் காலியாக இருந்தது. ‘லேப்டாப்பை நிறுத்துவது எப்படி: மூன்று வழிகள், முப்பது சந்தேகங்கள்’ என்று தலைப்பு வைத்தேன். ஸ்டாண்ட்பை என்பது முதல் பெஞ்சில் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவது. ஹைபர்னேஷன் என்பது திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குவது, கரண்டே வேண்டாம். ஷட்டவுன் என்பது ரிசல்ட் வந்த அன்று அப்பாவின் முகம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உதாரணத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று பக்கத்து லைன் வீட்டு அன்னக்கிளி அக்காவை உள்ளே கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு எழுந்து வெளியே போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘குன்னூர் மலைச்சரிவில் பனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல…’

(வேண்டாம். இங்கே இருப்பவர்கள் யாரும் பனியைப் பார்ப்பதில்லை. துணி காயாதபோது திட்டுவதோடு சரி.)

இரண்டாம் தொடக்கம்: பச்சைத் தேயிலை விலை சரிந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல், செடிகள் ஆள் உயரம் வளர்ந்துவிட்ட வருடம் அது.

(பரவாயில்லை. இருக்கட்டும்.)

அந்த வருடம் எங்கள் பக்கத்து ஃபாக்டரி மூடியது. கேட்டில் ‘தற்காலிகமாக’ என்று ஓர் அட்டை தொங்கியது. உள்ளே இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்தவர் தங்கையா அண்ணன், அன்னக்கிளி அக்காவின் கணவர். வேலை போன பிறகு, மகள் சரிதாவுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்பில் நாள் முழுக்கச் சீட்டு ஆடினார். ஒற்றை ஆள் ஆடும் சீட்டு. எதிராளி இல்லாததால் சண்டையும் இல்லை.

ஒருநாள் திருப்பூர் சாயப்பட்டறைக்கு ஆள் ஏற்ற வேன் வந்தது. “அப்புடியே இருக்கட்டும், அணைச்சுராத. வந்து முடிச்சுக்கறேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு வரவில்லை. நாம் கூப்பிட்டால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் பொறுமையாகச் சொல்கிறாள். சரிதா திருப்பூர் போய்ப் பட்டறை பட்டறையாக விசாரித்தாள். வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

3

அந்த ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. மூடினால் சீட்டுகள் கலைந்துவிடும். அதனால் அக்கா லேப்டாப்பை அணைக்கவே விடவில்லை. கரண்ட் போனால் பழைய பேட்டரி அரைமணி தாங்கும். அதற்குள், மூடி திறந்தபடியே, மேலே பாலித்தீன் போட்டு, சீர்த்தட்டு போல இரு கையிலும் ஏந்தி, இன்வெர்ட்டர் உள்ள பேக்கரிக்கு இறங்குவார்.

“சாமி வருது, வழி விடுங்க!” என்பார் பேக்கரி பொன்ராஜ்.

“வாய மூடிட்டு ஒயர எடு. ஒன் வர்க்கிய விட இது சூடா இருக்கு.”

(சிரித்துக்கொள்ளுங்கள். கதையில் இனி இப்படி இடம் வராது.)

4

சரிதாவுக்குக் கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. கிடைத்தது. லேப்டாப் இல்லாமல் அங்கே படிக்க முடியாது. இன்னொன்று வாங்க வழியில்லை. கிளம்பும் நாளன்று என்னைக் கூப்பிட்டாள்.

“நீ கம்ப்யூட்டர்தான படிக்கற? நான் இனிமேத்தான். ஒரு வழி சொல்லு.”

“மூணு வழி இருக்கு.”

“கட்டுரை எழுதாத. வழியச் சொல்லு.”

ஸ்டாண்ட்பையில் போட்டால் அந்த பேட்டரி மலையிறங்கும் வழியில் பர்லியாறுகூடத் தாண்டாது. ஷட்டவுன் என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்ல முடியாது. படம் பிடித்து வைக்கலாம் என்றேன்.

“போட்டோல சீட்ட நகத்த முடியுமா தம்பி?” என்றார் அக்கா.

மிச்சம் ஹைபர்னேஷன். தூங்கிவிடும். ஆனால் இவ்வளவு பழைய மிஷின் எழுந்திருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். ஆட்டம் பாதியில் நிற்கவில்லை. நகர்த்த ஒரு சீட்டும் இல்லை. அண்ணன் தோற்றிருந்தார்.

(இந்த இடத்தில் நான் எதுவும் சொல்லாமல் விடுகிற மாதிரி ஒரு முறை எழுதினேன். அதில் நான் மிகவும் நல்லவனாக இருந்தேன். அடித்துவிட்டேன்.)

“அக்கா, இதுல இனி ஆட ஒண்ணுமில்லீங்க்கா.”

“தெரியும்.”

“தெரியுமா?” என்றாள் சரிதா.

“அந்தச் செவப்பு ஏழு நகரணும்னா கறுப்பு எட்டு வேணும். ரெண்டு எட்டும் எங்கயோ குப்புறக் கெடக்கு. கட்டும் தீந்துபோச்சு. தெனமும் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்கும்மா இத்தன நாளா…”

“அவருக்குத் தெரியாதுல்ல. வேன்காரன் ஹாரன் அடிச்சான், எந்திரிச்சுப் போயிட்டாரு. வந்து அவரே பாத்துட்டு, ‘போச்சுடி’ன்னு சொல்லட்டும். நான் எப்புடி முடிக்கறது?”

அதற்கு நான் பதில் சொல்வதாக ஒரு வசனம் எழுதலாமென்று…

5

ஹைபர்னேட்டை அழுத்தினேன். விளக்கு கொஞ்சம் துடித்தது. உள்ளே ஃபேன் சுற்றி நின்றது. அண்ணன் போனதிலிருந்து அந்தச் சத்தம் ஓய்ந்ததில்லை.

“இப்ப தூங்குதா, அணைஞ்சுருச்சா?”

“வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதாங்க்கா. பட்டன அழுத்துனாத்தான் தெரியும்.”

அக்கா மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. அது ஆறும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு அண்ணனின் ஸ்வெட்டரில் சுற்றிக் கொடுத்தார். திருப்பூருக்குத் தேவைப்படாது என்று அவர் விட்டுப்போனது.

6

முடிவுகள்.

அ. சரிதா அழுத்துகிறாள். சீட்டுகள் அப்படியே வருகின்றன, தோற்றபடி.

ஆ. அழுத்துகிறாள். கம்பெனி சின்னம் வருகிறது, புத்தம் புதிதாக. சீட்டுகள் இல்லை.

இ. ஹாஸ்டல் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், சாயம் படிந்த விரல்களோடு…

(நாலு முறை எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். சரிதா இன்னும் அழுத்தவில்லை. ரூமில் இருக்கும் வாசுகியின் லேப்டாப்பைக் கெஞ்சி வாங்கி, அவள் தூங்கும் நேரத்தில் படிக்கிறாள். மார்க் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்கிறார்.

“அழுத்திட்டியா?”

“இல்லம்மா.”

“சரி. சாப்ட்டியா?”

நானும் அழுத்தப்போவதில்லை. பட்டன் வலது மேல் மூலையில் இருக்கிறது. ஸ்வெட்டரைப் பிரித்தால் தெரியும். நீங்கள் அழுத்தினால், என்ன வந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம். அக்கா கேட்டால், இன்னும் அழுத்தவில்லை என்று சொல்லுங்கள்.