எழுபத்து நான்கு பக்கங்கள்

மே மாதம் பிறந்தபோது மிலோய்க்கா இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆரம்பித்த நாவல், மொத்தம் எழுநூறு பக்கம். அவள் வேலை செய்யும் மழலையர் பள்ளிச் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் ஐந்து மாதமாகக் கிடந்து, அட்டையெல்லாம் கேரட் சாறு பட்டுக் கறையாகியிருந்தது.

ஊர் நூலகம் வருடாவருடம் நடத்தும் வாசிப்புப் போட்டி அக்டோபரில் தொடங்கி மே கடைசியில் முடியும். அணிக்கு நாலு பேர், ஆளுக்குப் பத்துப் புத்தகம். படித்து முடித்ததும் நூலகச் சுவரில் தொங்கும் தாளில் புத்தகத்தின் பெயரையும், அதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டும். இந்த முறை மழலையர் பள்ளிப் பெண்களுக்கும் தொண்டர் தீயணைப்புப் படைக்கும்தான் நேருக்கு நேர் போட்டி. படைத் தலைவர் ஸ்லாவ்கோ மிலோய்க்காவின் சொந்த அண்ணன்.

“என்னடி, இன்னும் அதே செங்கல்லத்தான் சுமக்குறியா?” என்றார் ரொட்டிக் கடை வாசலில். “நாங்க முப்பத்தேழு. நீங்க?”

“இருபத்தொம்போது.”

“அடுப்பு தீப்பிடிச்சா கூப்பிடு, ஓடி வர்றோம். இதுக்கெல்லாம் எங்ககிட்ட தண்ணி இல்ல.”

மீதிப் பதினொன்றில் ஆறு அவளுடையது. அன்று மதியமே நூலகத்துக்குப் போய் அந்தச் செங்கல்லை மேசைமேல் வைத்தாள்.

“அல்பினா, இத எடுத்துக்கோ. ஒல்லியா எதாவது குடு. இது ஏமாத்து வேலை இல்லியே?”

நூலகர் அல்பினா சிரித்தாள். “இதுல என்னக்கா ஏமாத்து? குட்டிப் புத்தகம் எழுதினவன் என்ன சோம்பேறியா?”

அலமாரி அலமாரியாக நடந்து ஆறு புத்தகம் பொறுக்கினாள். கலங்கரை விளக்கத்தில் வளர்ந்த பெண் பரீட்சை எழுதக் கரைக்கு வரும் கதை. ஒரே படகுக்கு உரிமை கொண்டாடும் இரண்டு பேர் கதை. அதைப் படித்தால் சிரிப்பு தாங்காது என்றாள். “இது தனித்தனிச் சிறுகதை. பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ஒண்ணு, உருளைக்கிழங்கு வேகுறப்ப ஒண்ணுன்னு முடிச்சிரலாம்.” கடைசியாக எடுத்த மிக மெல்லிய புத்தகத்தைக் கொஞ்சம் யோசித்துவிட்டே கொடுத்தாள். “எழுபத்து நாலு பக்கம்தான். ஆனா இத மட்டும் வேலைக்கு நடுவுல படிக்காதீங்க. உங்க அண்ணன்கூட படிச்சிட்டாரு.”

மிலோய்க்கா சுவரில் பார்த்தாள். அண்ணனின் கோணல் கையெழுத்தில் ‘நல்ல கதை. எல்லாம் நல்லபடியாக முடிகிறது’ என்றிருந்தது.

மூன்று வாரத்தில் மூன்று புத்தகம் முடிந்தது. மெல்லிய புத்தகத்தை ஒரு சனிக்கிழமை பால்கனியில் உட்கார்ந்து படித்தாள். மனைவியை இழந்த ஒருவர், ஆஸ்பத்திரியில் அவளுடைய துணிப்பையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வருகிறார். ஒரு நாள் கதை. வந்து, ஒவ்வொரு துணியாக அலமாரியில் திரும்ப மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டார் கொடுத்த சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறார். அவ்வளவுதான். நல்லபடியாக முடிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அண்ணன் இதைப் படித்து முடிக்கவில்லை.

அண்ணி யெல்கா இறந்து அந்த இலையுதிர் காலம் வந்தால் இரண்டு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். ஆட்கள் குழாய்களைக் கழுவி வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேவு பாக்க வந்தியா?” என்றார் ஸ்லாவ்கோ.

அவள் வண்டிக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைக் காட்டினாள். அவர் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

“எதுவரைக்கும் போனே, அண்ணா?”

வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “பத்தொம்போது. அவன் கையெழுத்துப் போடுறான் பாரு, அந்த எடம்.” தொப்பியைக் கழற்றினார். “நானும் போட்டேன். அந்தப் பை இன்னும் வீட்டு கராஜ்ல அப்படியே கெடக்கு. நான் முழுசாப் படிக்கலன்னு நீ வேணும்னா அல்பினாகிட்ட சொல்லிடு.”

“நான் ஏன் சொல்லப்போறேன்? மீதிய படிக்கட்டுமா?”

“இங்கயா?”

“வேற எங்க? வீட்டுக்குப் போனா நீ டிவியப் போட்ருவ.”

இருபதாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். நடுவில் ஃபெரி என்ற தடித்த ஆள் ஏதோ கேட்க வந்தவன், கேட்காமல் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர். துணி மாட்டும் இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். முடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

கடைசியில் ஃபெரிதான் தொண்டையைச் செருமினான். “அப்ப இது எனக்கும் ஒண்ணுன்னு கணக்குல வருமா?”

“முதல்ல பத்தொம்போது பக்கத்தப் படிடா, தடியா!” என்றார் ஸ்லாவ்கோ. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

திங்கட்கிழமை காலை அவரே நூலகத்துக்குப் போய்ப் பழைய வரியை அடித்துவிட்டு, கீழே ‘ஒரு ஆள் வீட்டுக்கு நடந்து வருகிறான்’ என்று எழுதினார். அல்பினா அதை எண்ணிக்கையில் அப்படியே வைத்துக்கொண்டாள். மாதம் முடிந்தபோது படை நாற்பது, பள்ளி முப்பத்தெட்டு. மிலோய்க்கா இரண்டு புத்தகம் தொடாமலே திருப்பிக் கொடுத்தாள். அந்த எழுபத்து நாலு பக்கத்தை அவள் இன்னொரு முறை படித்ததில் நாள் போய்விட்டது.

ஜூனில் ஒரு மதியம் ஸ்லாவ்கோ போன் செய்தார். “வேலை முடிஞ்சு இந்தப் பக்கம் வா. தனியா பிரிக்க முடியல.”

இருவரும் கராஜில் நின்று பையைப் பிரித்தார்கள். ஒரு நீலக் கவுன், செருப்பு, கம்பளிச் சட்டை, பாதி தீர்ந்த கை கிரீம். கம்பளிச் சட்டையை உதறி அவளிடம் நீட்டினார்.

“உனக்குச் சரியா இருக்கும், எடுத்துக்கோ. மத்ததெல்லாம் உள்ள கொண்டுபோய் வைக்கலாம்.”

அவள் அங்கேயே அதைப் போட்டுப் பார்த்தாள். கை கொஞ்சம் நீளமாக இருந்தது. இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டு, மீதித் துணிகளை அள்ளி அவருக்குப் பின்னால் மாடிப்படி ஏறினாள்.