கேழ்வரகும் சுடுகாட்டுப் பூவும்

ஆனி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நடவு தொடங்கும்வரை கூலிக்காரர் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு இரண்டு வேளை எரியாது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே வயலெல்லாம் வெடித்துக் கிடந்த அந்த நாளில், பச்சையாக நின்றது வேம்புவின் கொல்லை ஒன்றுதான். குடிசைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் கேழ்வரகு கதிர் வாங்கிப் பால் பிடித்திருந்தது. குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் பிள்ளைகளுக்குக் கூழ்.

அதைப் பார்த்துப் பூரிக்க வேண்டியவள் பயந்துகொண்டிருந்தாள். பண்ணையின் காரியக்காரர் கலியபெருமாள் முந்தாநாள் கொல்லையோரம் நின்று, "பயிரு நல்லா வந்திருக்கே வேம்பு. நம்ம பண்ணை வெதை பொய்க்குமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த மனிதர் சும்மா சிரிக்கிற ஆள் இல்லை.

புதுச் சட்டம் வந்திருந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிற கூலிக்காரர்களுக்கு அந்த மனை இனி சொந்தம் என்று டீக்கடை ரேடியோவே சொன்னது. அளந்து எழுத நாளைக் காலை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. வருகிறார். குடிசை கிடைத்துவிடும், அதில் சந்தேகமில்லை. கொல்லை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. விவசாயச் சங்கத்து வைரக்கண்ணுவைத் தேடிப்போய்க் கேட்டாள்.

"வீட்டை ஒட்டின கொல்லையும் சேரும்னுதான் சொல்றாங்க அக்கா. ஆனா பண்ணை சாகுபடி பண்ற நெலம்னு அவங்க சாதிச்சா வம்பு. உங்க கொல்லையில என்னா இருக்கு?"

"கேவுரு."

"வெதை?"

வேம்பு மடியைப் பார்த்துக் குனிந்தாள். பண்ணை விதையை மடியில் வாங்கினால் அறுக்கிற முதல் கட்டைப் பண்ணை வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. மிச்சத்தை அவள் தின்னலாம், ஆனால் பேச்சென்று வந்தால் விதை யாருடையதோ பயிரும் அவருடையது, நட்டவள் வெறும் கை. மாசி மாதம் களத்தில் ஊரே பார்க்க, காரியக்காரர் அளந்து போட்ட விதையை மடி விரித்து வாங்கியவள் அவள்தான். வாயெல்லாம் பல்லாக வேறு நின்றாள்.

"பூச்செடி கீச்செடி இருந்தா யாரும் வயலுன்னு சொல்ல முடியாது" என்று இழுத்தான் வைரக்கண்ணு. அவனுக்கே உறுதியில்லை என்பது குரலில் தெரிந்தது. தெரிந்தும் வேம்பு அதைப் பிடித்துக்கொண்டாள்.

கொல்லை போனால் பண்ணை வேலி குடிசையின் பின்சுவரில் வந்து முட்டும். ஆடு கட்ட இடம் இருக்காது. அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். கொல்லையின் கோடியில், ஈசானிய மூலையில், நித்தியகல்யாணி என்கிற சுடுகாட்டுப் பூ புதராக மண்டிக் கிடக்கிறதே, அந்த இடம் போய்விடும். பெரிய புயல் அடித்த வருஷம் பிறந்த அவளுடைய தலைச்சன் பிள்ளை அங்கேதான் இருக்கிறது. ஊரெல்லாம் வெள்ளம், சுடுகாடு தண்ணீருக்குள். புருஷன் ரெத்தினம் செத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான், திரும்பி வந்து கொல்லையில் குழி வெட்டினான். பச்சை உடம்புக்காரி பாயில் கிடந்து மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டாள். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. கொல்லை பண்ணைக்குப் போனால் அந்த மூலையில் ஏர் ஓடும்.

கேழ்வரகைப் பிடுங்கிப் பூச்செடி நடப்போவதாகச் சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். ரெத்தினம் துள்ளினான்.

"பால் புடிச்ச கதிரப் புடுங்குவியா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? புள்ளைங்களுக்கு என்னாத்த ஊத்துவ?"

"அது நம்ம பயிரு இல்லீங்க. அவரு வெதை."

"ஊத்தின தண்ணி யாருது?"

"அத எந்த ஆபீசர் எழுதுவாரு?"

அவன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டான். வேம்பு கொல்லையில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கேழ்வரகுக்குத் தண்ணீர் வேண்டும், களை எடுக்க வேண்டும், குருவி விரட்ட வேண்டும். எல்லாம் செய்தால் வயிறு நிறையும். சுடுகாட்டுப் பூவுக்கு ஒன்றும் வேண்டாம். ஆடுகூட வாய் வைக்காது. தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்குப் போட மாட்டார்கள், ஒரு காசுக்கும் பிரயோஜனம் இல்லை. ஆனால் அதற்கு யாரும் விதை கொடுக்கவில்லை. என்னுடையது என்று ஒருத்தரும் வந்து நிற்க முடியாது. அந்த ஒரு குணத்துக்காக அவளுக்கு அன்றைக்குக் கேழ்வரகைவிட அது பெரிதாகப் பட்டது. பயந்தவள் கணக்கு அப்படித்தான் போகும்.

விடியும்போதே பிடுங்கத் தொடங்கினாள். பிடுங்கிய தூரையெல்லாம் பின்சுவர் ஓரம் குவித்தாள். மூலைப் பக்கம் பூச்செடிகளுக்குள் புகுந்து நின்ற நாலைந்து தூரை மட்டும் விட்டுவிட்டாள். வேர்கள் பின்னிக் கிடந்தன. அந்த மண்ணைக் கிளற அவளால் முடியாது. பிறகு வாய்க்கால் கரைக்குப் போய்ச் சுடுகாட்டுப் பூச்செடிகளைக் கத்தை கத்தையாகப் பறித்து வந்து குனிந்து நட்டாள். எதிர்வீட்டு அகிலாண்டம், "வீட்டுல நடுற செடியாடி இது?" என்று தலையிலடித்துக்கொண்டாள். வேம்பு நிமிரவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஆர்.ஐ. வந்தார். அளவுச் சங்கிலியோடு ஓர் ஆள், கூடவே காரியக்காரர். கொல்லையைப் பார்த்ததும் கலியபெருமாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்று நட்டுப் பழகின கையாயிற்றே, அவசரத்தில் அதற்கு வேறென்ன தெரியும்? செடிகள் குத்துக் குத்தாக, வரிசை பிசகாமல் நின்றன.

"என்னாடி இது, சுடுகாட்டுப் பூவுல சம்பா நடவா?" என்றவர், ஆர்.ஐ. பக்கம் திரும்பிக் குரலை மாற்றினார். "நேத்து வரைக்கும் இங்க பண்ணைக் கேவுரு நின்னுச்சுங்க. நம்ம வெதை. ஊரு பாக்க களத்துல அளந்து குடுத்தது. புடுங்கிப் போட்டுட்டு நாடகம் ஆடுறா."

"அப்படியாம்மா?" என்றார் ஆர்.ஐ.

பிடுங்கிய கேழ்வரகு சுவரோரம் குவியலாகக் கிடந்தது. வேம்பு அதை ஒருமுறை பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

ஆர்.ஐ. உதட்டைப் பிதுக்கினார். "சங்கிலியப் பின்சுவத்தோட நிறுத்துப்பா."

சங்கிலி சுவரோரம் சரசரவென்று விழுந்தது. அவ்வளவுதான், பயிரும் போயிற்று, கொல்லையும் போயிற்று. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று வேம்பு அப்படியே குந்திவிட்டாள்.

அதுவரை குவியலுக்குப் பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற ரெத்தினம், நடவு வரிசையை மிதித்துக்கொண்டு நேரே மூலைக்குப் போனான்.

"ஐயா, சங்கிலிய இது வரைக்கும் இழுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"இங்க எம் புள்ள இருக்கு." பிறகு காரியக்காரரைப் பார்த்தான். "புயல் வருசம்ங்க. சுடுகாட்டுல மாரளவு தண்ணி. செத்த புள்ளையக் கையில வச்சுக்கிட்டு மழையில உங்க வாசல்ல வந்து நின்னேன். எங்க வைக்கட்டுமுங்கன்னு கேட்டேன். நீங்க என்னா சொன்னீங்க?"

வேம்பு புருஷனையே பார்த்தாள். அவன் அன்று எங்கே போனான், யார் வாசலில் நின்றான் என்பது அவளுக்கு இத்தனை வருஷமும் தெரியாது.

"என்ன சொன்னீங்க?" என்று ஆர்.ஐ.யும் கேட்டார்.

கலியபெருமாள் நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், கேட்க ஆளில்லை. வாயைத் திறந்தார். பார்வை மூலைக்குப் போயிற்று. முழங்கால் உயரத்துக்கு மண்டி, நடுவில் யாரும் கால் வைக்காத அந்தச் செடிகளைப் பார்த்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒன் கொல்லையிலயே வச்சுக்கடான்னு சொன்னேன்" என்றார். உடனே கோபம் வந்துவிட்டது. "கொட்டுற மழையில வேற என்னாத்தய்யா சொல்றது?"

"பண்ணை சாகுபடி நெலத்துல வைக்கச் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டார் ஆர்.ஐ.

காரியக்காரர் குடையை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். ஆர்.ஐ. சங்கிலிக்காரனுக்குக் கை காட்டினார். சங்கிலி கொல்லைக் கோடியின் பூச்செடிகளைத் தாண்டி நீண்டது.

எல்லோரும் போன பிறகு வேம்பு கேழ்வரகுக் குவியலின்மேல் விழுந்து அழுதாள். பிள்ளைகள் பால் கதிரை உருவிச் சப்பிக்கொண்டிருந்தன.

"புடுங்கினது நீதான்" என்றான் ரெத்தினம்.

"இத்தன வருசம் சொல்லாம வச்சிருந்தது நீங்கதான்."

ரெத்தினம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தான்.

நட்ட செடிகள் உச்சிவேளைக்குள் தலை சாய்ந்தன. மூலையில் பூக்களுக்குள் நின்ற நாலைந்து கேழ்வரகுத் தூர் மட்டும் முற்றியது. ஆற்றில் தண்ணீர் வந்த அன்று வேம்பு அதை அறுத்தாள். முதல் கட்டு பண்ணை வாசலுக்குப் போகவில்லை. கசக்கிப் புடைத்தபோது இரண்டு கை அளவு தேறியது.

"அரைச்சா ஒரு வேளைக் கூழுக்கு ஆவும்" என்றான் ரெத்தினம். பிள்ளைகள் அவள் கையையே பார்த்தன. அன்றைக்கு வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.

வேம்பு தானியத்தைச் சுரைக்குடுக்கையில் கொட்டி, வாயை இறுகக் கட்டி, விட்டத்தில் தொங்கவிட்டாள்.

"இது வெதை" என்றாள். "இனிமே யாருகிட்டயும் மடி விரிக்க மாட்டேன்."