விளக்கைப் பெரிசு பண்ணுங்க

இருட்டுக்கு மார்க் போட ஜெய்ப்பூரிலிருந்து ஒரு மேடம் வரப்போகிறார் என்று தெரிந்ததும் கேலாசரில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கமாட்டார்களா பின்னே? கரண்ட் வேண்டும், கரண்ட் வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய ஊர் அது. கம்பம் நட்டு பல்பு எரிய ஆரம்பித்ததே போன தேர்தல் சமயத்தில்தான். அதற்குள் ஒருத்தர் வந்து உங்கள் ஊர் இருட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கப்போகிறாராம். இதை முன்னாடியே சொல்லியிருந்தால் கம்பமே கேட்டிருக்கமாட்டோமே என்று டீக்கடையில் ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள்.

சோனாராமுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவனிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. பொழுது சாய்ந்ததும் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு மணல்மேடுகளுக்குப் போவான். மேலே பார்த்தால் நட்சத்திரம், கீழே பார்த்தால் நரி, முள்ளெலி, அதிர்ஷ்டம் இருந்தால் பாலைவனப் பூனை. டெல்லிக்காரர்கள் புலி கேட்பார்கள். "நேத்து வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்பான் கூசாமல். தொழில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் மேலே இருப்பவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த ஊர் வானம் இருட்டுப் பரீட்சையில் தேறுகிறதோ, அந்த ஊரில்தான் ராத்திரி ஜீப் ஓடலாம்.

தேறாவிட்டால் என்ன என்று சோனாராமுக்குத் தெரியும். மறுபடி சூரத். தறிப்பட்டறை, எட்டுப் பேர் முறை வைத்துப் படுக்கும் ஓர் அறை, தீபாவளிக்கு ஒரு தரம் ஊர். அங்கே இருந்த காலத்தில்தான் அவன் மனைவி தாப்புவுக்கு இரண்டு தடவை கரு கலைந்தது. இரண்டு தடவையும் அவன் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில்தான் கேட்டான். இப்போது அவளுக்கு எட்டாம் மாசம். "இந்தத் தடவை நான் உன் பக்கத்துலேயே இருப்பேன்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தான். அந்தச் சத்தியம் இப்போது இருட்டை அளக்க யாரோ ஒரு மேடம் கொண்டுவரும் பெட்டியின் முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.

தாப்புவுக்கும் அவள் பயம் இருந்தது. அந்தச் சீமையில் விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை. நம் பக்கம் விளக்கு மலையேறியது என்பதுபோல, அங்கே விளக்கைப் 'பெரிசு பண்ணு' என்பார்கள். கடையைச் சாத்தினாலும் பெரிசு பண்ணியாச்சு என்பதுதான் பேச்சு. தாப்பு இதை இன்னும் நாலு படி மேலே கொண்டுபோய்விட்டாள். வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அணை, மூடு, முடி, தீர்ந்தது எதுவும் வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. ஆஃப் என்ற சொல்லுக்கும் அதே கதிதான். ஸ்விட்ச்சைக்கூட பெரிசுதான் பண்ண வேண்டும். மாவு காலியானால் மாவு நிறைஞ்சிடுச்சு. ஒருநாள் சோனாராம் வாய் தவறி "டீசல் தீர்ந்துபோச்சு" என்றான். அன்று முழுக்க அவள் ஒரு வாய் ரொட்டி தின்னவில்லை. அதிலிருந்து அவளைவிட அவனுக்குத்தான் பயம் அதிகமாகிவிட்டது.

மேடம் வரும் அன்று காலையில் தாப்பு அடுப்படியில் கம்பு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி கிஷோர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுச் சட்னியைத் தொட்டு நாலாவது ரொட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். பயல் நடையும் ஊர்ப் பேச்சும் பழகுவதற்கு முன்பே சித்தப்பாவோடு சூரத் போனவன். போன மாசம்தான் ஒரு லாரி நிறைய சீரியல் பல்பு, மைக் செட், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிக்கொண்டு, கல்யாணத்துக்கு லைட் கட்டும் தொழில் செய்யப்போகிறேன் என்று வந்து இறங்கியிருந்தான். ஊரில் மைக் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

"மாப்ளே, சாயங்காலம் மேடம் வருது. நான் ஜீப்புல கூட்டிட்டுப் போய் நரி, பூனையெல்லாம் காட்டிட்டு, நல்லா இருட்டினதும் பெரிய மேட்டு மேல ஏத்துவேன். அங்கேருந்து பார்த்தா நம்ம ஊரு அப்படியே தெரியும். அதுக்குள்ள..." சோனாராம் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "அதுக்குள்ள ஊர்ல இருக்கிற அத்தனை விளக்கையும் பெரிசு பண்ணிடணும். ஒண்ணு விடக்கூடாது."

"அத்தனையுமா மாமா?"

"அத்தனையும். மைக்ல சொல்லிடு. இதுலதான்டா என் பொழைப்பே இருக்கு."

"நீங்க கவலையே படாதீங்க. அசத்திப்புடறேன்" என்றான் கிஷோர். இருட்டில் அசத்துவதற்கு என்ன இருக்கிறது என்று சோனாராம் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஜீப்பைக் கழுவப் போய்விட்டான்.

மேடத்தின் பெயர் நிவேதிதா மாத்தூர். கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். இருட்டை அளக்கும் பெட்டி. புலி கேட்கவில்லை. அதிலேயே சோனாராமுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. தாப்புவின் பழைய சிவப்பு முக்காட்டுத் துணியைச் சுற்றிய டார்ச்சை அடித்து, மெதுவாக ஜீப்பை ஓட்டினான். அமாவாசை. குளிர் காதைக் கடித்தது. முதலில் ஒரு நரி நின்று, இவர்களைப் பார்த்து, பிடிக்காமல் போனது. கள்ளிப் புதரடியில் ஒரு முள்ளெலி பந்தாகச் சுருண்டுகொண்டது. அப்புறம் வண்டித் தடத்தின் நடுவிலேயே ஒரு பாலைவனப் பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இந்த சீசன்ல மொதத் தடவை மேடம்ஜி, சத்தியமா" என்றான். நிஜமாகவே சத்தியம்தான். அவன் வாயில் நிஜம் வந்தது அவனுக்கே புதுசாக இருந்தது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று உள்ளுக்குள் குதித்தான்.

பெரிய மேட்டின் அடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஏறினார்கள். பாதி ஏறும்போதே மேடம் நின்றார்.

"சோனாராம்ஜி, அந்தப் பக்கம் ஏதாவது டவுன் இருக்கா?"

"டவுனா? நம்ம கேலாசர்தான் இருக்கு மேடம்ஜி."

"அப்ப ஏன் வானம் ஆரஞ்சு நிறத்துல இருக்கு?"

சோனாராம் மிச்ச மேட்டை நாலு காலில் ஏறினான். உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தான். கேலாசர் ஜொலித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு சீரியல் பல்பு. கோயில் கோபுரத்தைச் சுற்றிப் பச்சையும் நீலமும் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூட மாடியில் கல்யாணப் பந்தலுக்கு வைக்கும் பெரிய விளக்குகள் நாலு திசையும் பார்த்தன. மைக் செட்டில் பாட்டு வேறு. பாவி, நிஜமாகவே அசத்திவிட்டான்.

ஊரைத் தாண்டினால் மேட்டு உச்சியில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். கிஷோரைக் கூப்பிட்டான்.

"மாமா!" கிஷோர் பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்தினான். "அங்கேருந்து தெரியுதா?"

"தெரியுதுடா. நல்லாத் தெரியுது. மாப்ளே, பெரிசு பண்ணுடா, சாமியே, பெரிசு பண்ணு."

"இன்னுமா? மாமா, இந்தக் கிழங்களோட ஒரே ரோதனை. பெரிசு பண்ணுங்கன்னு மைக்ல சொன்னதும் எல்லாரும் விளக்கை அணைச்சிட்டுப் படுத்துட்டாங்க. ஒவ்வொரு வீடாப் போய் எழுப்பி, திட்டி, நானே போட்டு விட்டேன். இருங்க, ட்ராக்டரையெல்லாம் கொண்டாந்து நிறுத்தறேன்."

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டு ட்ராக்டர்களின் விளக்குகளும் மேட்டைப் பார்த்து எரிந்தன. மேடம் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"என்ன நடக்குது சோனாராம்ஜி?"

அவன் நடந்ததைச் சொன்னான். விளக்கு, வார்த்தை, தாப்பு, அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டினான். மேடத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாதியில் அதை விழுங்கினார்.

"சரி. 'லைட்டை ஆஃப் பண்ணு'. மூணே வார்த்தை. சொல்லுங்க."

"வாயில வரமாட்டேங்குது மேடம்ஜி."

"கொடுங்க, நான் சொல்றேன்." அவரே கிஷோரைக் கூப்பிட்டார். ட்ராக்டர், ஜெனரேட்டர், பாட்டு எல்லாம் சேர்ந்த இரைச்சலில் அந்தப் பக்கம் பொம்பளைக் குரல் என்பது மட்டும்தான் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "தேங்க் யூ மேடம்! ரொம்ப தேங்க் யூ! எல்லாம் எங்க மாமா ஐடியாதான்!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

மேடம் மணலில் உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் வேலை என்று வந்தால் விறைப்பு. "நாளைக்கு நான் அடுத்த ஊருக்குப் போகணும். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். அப்புறம் என் கண்ணு பார்த்ததைத்தான் எழுத முடியும். உங்களுக்காகப் பொய் எழுத முடியாது."

சோனாராம் வீட்டு நம்பரை அழுத்தினான். தாப்பு எடுத்தாள்.

"மேலேருந்து எப்படிங்க இருக்கு?" என்றாள்.

"கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"மேடம் என்ன சொல்லுது?"

"பார்த்ததை எழுதிட்டுப் போயிடுவேங்குது."

"அப்ப சூரத்துதானா?"

"சூரத்துதான் தாப்பு."

"என் தம்பிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். பெரிசு பண்ணச் சொன்னேன்."

"அந்த மடையன்கிட்டப் போய் இந்தப் பேச்சா? வேற மாதிரி சொல்ல வேண்டியதுதானே?"

"நீதானே சொல்லக்கூடாதுன்னே" என்றான் சோனாராம். "எப்படிச் சொல்லுவேன் நான்? எட்டு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப சொல்லி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? சூரத்துக்கே போயிடறேன் தாப்பு. நீயும் அதுவும் நல்லா இருந்தாப் போதும்."

தாப்பு போனை எங்கேயோ வைத்துவிட்டாள். அவன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். பாட்டு சட்டென்று நின்றது. அவன் வீட்டுத் திண்ணையில் கிஷோர் வைத்திருந்த மைக் கரகரவென்று இழுத்தது. அப்புறம் மணல் காடு முழுக்கக் கேட்டது தாப்புவின் குரல்.

"அணைங்கடா! எல்லாத்தையும் அணைங்க! ஆஃப் பண்ணு, மூடு, முடி, தீர்த்துக் கட்டு! கிஷோர், ஒரு பல்பு எரிஞ்சாலும் உன்னைத் தொலைச்சுப்புடுவேன். ட்ராக்டர்காரங்களுக்குத் தனியாச் சொல்லணுமா? அணைச்சுத் தொலைங்க!"

எட்டு மாசமாக அந்த வீட்டுக்குள் வராத அத்தனை வார்த்தையும் ஒரே மூச்சில் வெளியே வந்து விழுந்தது. முதலில் ட்ராக்டர்கள் போயின. அப்புறம் பள்ளிக்கூட மாடி. கோபுரத்தில் ஓடிக்கொண்டிருந்த பச்சையும் நீலமும் நின்றன. கடைசியாக வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கேலாசர் என்று ஓர் ஊர் இருந்த அடையாளமே இல்லை. அதற்கப்புறம்தான் வானம் இறங்கி வந்தது. மேடம் "ஐயோ" என்றார் மெதுவாக. பெட்டியை மேலே காட்டி அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார்.

"முதல் தரமான இருட்டு சோனாராம்ஜி! நான் போன எந்த ஊர்லயும் இப்படி ஒரு இருட்டைப் பார்த்ததில்ல. உங்க ஜீப் ஓடும். நான் எழுதறேன்."

சோனாராம் வானத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாள் எதற்காக நேர்ந்துகொண்டானோ அது கிடைத்துவிட்டது. இப்போது அவனுக்கு அந்தக் கறுப்புக்குள் ஒரே ஒரு வெளிச்சம் வேண்டியிருந்தது, அவன் வீட்டு வெளிச்சம். போனில் இன்னும் ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு மணி நேரம் அளக்கணும். பக்கத்துல யாரும் பேசக்கூடாது" என்ற மேடம் அவன் நின்ற பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க. எனக்குப் பயமில்ல. ஆனா ஜீப்பை எடுக்காதீங்க, வெளிச்சம் வரும்."

ஓடினான். அந்த மேட்டில் எத்தனை பேரைப் பத்திரமாகக் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறான்! இப்போது இரண்டு தரம் குப்புற விழுந்தான். வாயெல்லாம் மணல். தன் தெருவிலேயே வீடு தெரியாமல் பக்கத்து வீட்டு எருமையின் மேல் முட்டிக்கொண்டான். அது இவனைவிட நிதானமாக இருந்தது.

"தாப்பு!"

"கத்தாதீங்க. இங்கதான் கட்டில்ல இருக்கேன்."

குரல் வந்த பக்கம் தடவித் தடவிப் போய்த் தரையில் விழுந்தான். "ஏன் சொன்னே? அத்தனையையும் ஏன் சொன்னே? வலிக்குதா? ஏதாவது பண்ணுதா?"

"நீங்க இல்லாதப்பதான் ரெண்டும் போச்சு. வார்த்தையாலயா போச்சு? நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்" என்றாள் தாப்பு. "அதைத்தான் யோசிச்சேன்."

அவன் பையில் தீப்பெட்டியைத் துழாவினான். எடுத்தும்விட்டான். "ஒரே ஒரு குச்சி, தாப்பு. உன் முகத்தை மட்டும் பார்த்துட்டு அணைச்சிடறேன்."

"கிழிச்சீங்கன்னா சூரத்துக்கு நானே டிக்கெட் எடுத்துக் கையில கொடுப்பேன்" என்றாள். "மேடம் மேல அளந்துக்கிட்டிருக்கு."

தீப்பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சோனாராம் கையை எடுக்காமல் காத்திருந்தான். அப்புறம் உள்ளேயிருந்து விழுந்தது ஓர் உதை. நல்ல உதை. அவன் தேம்பித் தேம்பி அழுதான். பார்த்துச் சிரிக்க யாராலும் முடியாதபடி ஊர் முழுக்க முதல் தரமான இருட்டு.