கயிறு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்

பேராசிரியர் அருள்நாதனின் ஃபியட் கார் கே.கே. நகரிலிருந்து கல்லூரிக்கு வரும்போது, அதன் கூரையில் ஏழடி நீளத்துக்கு ஒரு பலகை படுத்திருக்கும். கடல் அலைமேல் ஏறி நின்று சறுக்குகிற பலகை. ஆஸ்திரேலியாவிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்த மருமகன் விட்டுவிட்டுப் போனது. திருச்சியில் கடல் இல்லை. சாருக்கு நீச்சலும் தெரியாது.

பலகையைவிட அதன் தாங்கிதான் அவருக்குப் பெருமை. ஆணியும் கிடையாது, கயிறும் கிடையாது. நான்கு ரப்பர் கிண்ணங்கள் கூரையைக் கவ்விக்கொள்ளும்; அவற்றின் மேலுள்ள சட்டத்தில் பலகை வாரால் இறுகியிருக்கும்.

"உள்ளே காத்தே இல்ல. வெளிக்காத்து மொத்தமும் அமுக்கிப் பிடிச்சிருக்கு. ஸ்ரீரங்கத்து யானையையே ஏத்தலாம்!" என்று மாதா கோயில் பூசை முடிந்து வருகிறவர்களை மறித்துப் பாடம் எடுப்பார். இயற்பியல் துறைத் தலைவரிடம் யானையைப் பற்றி யார் வாதாடுவது?

தினமும் கூரையைத் துடைத்து, ரப்பரை நனைத்து, அழுத்தி ஒட்டவைப்பது ஆய்வகப் பணியாளர் வீரமலை. காற்றை உறிஞ்சும் பம்பின் கண்ணாடி ஜாடியை இரண்டு வருடம் முன்பு வகுப்பில் கைநழுவ விட்டவர் அருள்நாதன். 'வீரமலையின் அலட்சியம்' என்று முதல்வருக்கு எழுதியவரும் அவரே. நாற்பது மாணவர்கள் பார்த்தார்கள். செய்முறைத் தேர்வு மதிப்பெண் சார் கையில் இருந்ததால் நாற்பது பேருக்கும் அன்றைக்குக் கண் தெரியவில்லை. வீரமலைக்கு வரவேண்டிய ஸ்டோர் கீப்பர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அன்றிலிருந்து அவர் "சரிங்க சார்" என்பதற்கு மேல் அதிகம் பேசவில்லை. காத்திருந்தார்.

எண்பத்து நாலு ஆடி மாதம் துறையில் அறிவியல் கண்காட்சி. பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக் கரை நிறையக் கூட்டம் இருக்கும். காரில் ஒலிபெருக்கி கட்டி ஸ்ரீரங்கம் வரை விளம்பரம் செய்வது என்று முடிவாயிற்று. சுவரொட்டி அடித்து வந்தது. கண்காட்சியின் பெயர் கட்டைவிரல் அளவு. அருள்நாதனின் முகம் தாம்பாளம் அளவு.

"கூரையிலயும் வரிசையா ஒட்டிடு" என்றார் சார்.

"கூரையை யாரு சார் பாக்கப்போறாங்க?"

"மலைக்கோட்டை உச்சியில நிக்கிறவன் பாப்பான்யா!"

காகிதத்துக்குள் காற்று புகும் என்பது வீரமலைக்குத் தெரியும். அன்று மாலையே பம்பில் ஜாடிக்கு அடியில் செய்தித்தாளை வைத்துப் பார்த்துவிட்டார். இருந்தாலும் மறுநாள் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"காகிதத்து மேல ரப்பர் நிக்குமா சார்? ஒரு கயிறு போட்டுக் கட்டிரட்டுங்களா?"

"கயிறா? இது என்ன வைக்கோல் வண்டியா? இருபது வருஷம் பிசிக்ஸ் லேப்ல இருந்து நீ கத்துக்கிட்டது கயிறுதானாய்யா?"

"சரிங்க சார். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க. ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

எழுதச் சொன்னால் சார் மறுப்பாரா? 'கூரையிலும் சுவரொட்டி ஒட்டவும். கயிறு தேவையில்லை. காற்றழுத்தம் போதும்' என்று எழுதி, கையெழுத்திட்டு, பட்டங்களையும் வரிசையாகப் போட்டுக் கொடுத்தார்.

பெருக்கன்று கார் காவிரிப் பாலத்தின் நடுவில் போகையில் ஆடிக்காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. கூரையில் நான்கு முறை 'பளக்' என்றது. பலகை சட்டத்தோடு கிளம்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஆள் இல்லாத நடு ஆற்றில் குப்புற விழுந்து மிதந்தது. மேலே பார்த்த நான்கு கிண்ணங்களிலும் பிய்ந்து ஒட்டிய நான்கு அருள்நாதன்கள் வானத்தை நோக்கியபடி கிழக்கே பயணமானார்கள்.

"அடேயப்பா! எந்தப் புண்ணியவானோ கனமா சீர் விட்டிருக்காரு காவேரிக்கு!" என்றாள் கரையில் தாலிச்சரடு மாற்றிக்கொண்டிருந்த ஒருத்தி. கரை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் முதல்வர் ஃபாதர் அற்புதசாமி இருவரையும் ஆசிரியர் கூட்டத்துக்கே அழைத்தார். கதவுக்கு வெளியே அருள்நாதன் வீரமலையின் முழங்கையைப் பிடித்தார்.

"வீரமலை, அந்தச் சீட்டைக் குடுத்துடுப்பா. நீ சரியா ஒட்டலைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஸ்டோர் கீப்பர் வேலை இந்த வருஷம் காலியாகுது. உனக்கு நானே எழுதறேன்."

நாற்காலி, மின்விசிறி, சாவிக்கொத்து. வீரமலை மூன்றையும் ஒருமுறை மனதில் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சீட்டை ஃபாதர் மேஜையில் வைத்தார்.

"கையெழுத்து புரியலையே. நீங்களே படிச்சிடுங்க, புரொஃபசர்" என்றார் ஃபாதர்.

முப்பது ஆசிரியர்கள் முன்னால் அருள்நாதன் காற்றழுத்தம் வரை படித்து நிறுத்தினார்.

"கீழ டிகிரி இருக்கு சார்" என்றார் வீரமலை. "அதையும் படிச்சிடுங்க. விட்டுப்போயிடப் போகுது."

ஸ்டோர் கீப்பர் வேலை அந்த வருடமும் வேறொருவருக்கே போயிற்று. வீரமலை வராந்தா குழாயடியில் கண்ணாடிக் குவளை கழுவிக்கொண்டிருந்தால், அருள்நாதன் அவரைக் கடக்க முடியாமல் மாடி ஏறிச் சுற்றி வகுப்புக்குப் போவார். வீரமலை கழுவிய குவளைகளையே மறுபடியும் எடுத்துக் கழுவினார்.